இருக்கை கேட்டவருக்குக் கிடைத்த பாதை

(புனித சந்தியாகப்பர் திருநாளன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



இன்று ஜூலை 25. திருத்தூதரான புனித சந்தியாகப்பரின் திருநாள். நமது கடற்கரை ஊர்களில் சந்தியாகு என்று ஒருவராவது இல்லாத தெரு உண்டா? விவிலியத்தில் அவர் பெயர் யாக்கோபு. நம் பாட்டிமார் வைத்திருந்த பழைய செபப் புத்தகங்களில் யாகப்பர். நம் வீடுகளிலோ சந்தியாகு. இலத்தீன் மொழியில் புனித யாக்கோபுவைக் குறிக்கும் இரண்டு சொற்களை ஸ்பெயின் நாட்டு மக்கள் ஒன்றாகச் சேர்த்துச் 'சந்தியாகோ' என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் மேற்கு நாட்டுக் கப்பல்களோடு முத்துக்குளித்துறைக்கு வந்தது. நமது முன்னோர் அதோடு 'அப்பர்' என்ற பாசச் சொல்லைச் சேர்த்துத் தங்கள் வீட்டுப் பெரியவர்போல ஆக்கிக்கொண்டார்கள். மணப்பாட்டில் அவர் பெயரால் ஆலயம் உண்டு. தங்கச்சிமடம் வேர்க்காட்டிலும் உண்டு. அவரும் மீன்பிடித்தவர்தானே! கலிலேயக் கடலோரத்தில் அப்பாவோடும் தம்பியோடும் படகில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஆண்டவர் அவரை அழைத்தார். கடற்கரை மக்களுக்கு அவர்மீது தனிப் பாசம் இருப்பதில் வியப்பில்லை.

இன்றைய சிந்தனையில் நாம் இரண்டு பயணங்கள் போவோம். ஒன்று ஸ்பெயினில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் திருப்பயண நகரத்துக்கு. மற்றொன்று நமது கொற்கையிலிருந்து புறப்பட்டு, நமது கடற்கரை வழியே. புறப்படுவதற்கு முன் இன்றைய நற்செய்தியைக் கொஞ்சம் கேட்போம்.

மத்தேயு நற்செய்தி 20-ஆம் பிரிவில், செபதேயுவின் மனைவி தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆண்டவரிடம் வருகிறார். பணிந்து நிற்கிறார். நீர் ஆட்சிக்கு வரும்போது என் மகன்களில் ஒருவனை உமது வலப்பக்கத்திலும் மற்றவனை இடப்பக்கத்திலும் உட்கார வையும் என்று கேட்கிறார். அந்தத் தாயை நாம் குறை சொல்ல வேண்டாம். மகனுக்குக் கப்பலில் நல்ல வேலை கிடைக்கவேண்டும், மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவேண்டும் என்று மாதா சந்நிதியில் மெழுகுவர்த்தி ஏற்றும் நமது அம்மாக்களைப்போல அவரும் ஓர் அம்மா. ஆண்டவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, நான் குடிக்கப்போகும் துன்பக் கிண்ணத்தில் உங்களால் குடிக்க முடியுமா என்று கேட்கிறார். முடியும் என்கிறார்கள். குடிப்பீர்கள், ஆனால் இருக்கையைத் தருவது என் தந்தையின் செயல் என்று சொல்லிவிடுகிறார்.

மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வருகிறது. ஏன்? ஒவ்வொருவர் மனதிலும் அதே இருக்கை இருந்ததால்தான். இவர்கள் முந்திக்கொண்டார்களே என்ற கோபம் அது. ஆண்டவர் எல்லாரையும் அருகில் கூப்பிட்டு, உலகத்தில் பெரியவர்கள் மற்றவர்களை அடக்கி ஆளுகிறார்கள், உங்களிடையே அப்படி இருக்கக்கூடாது, முதல்வராக விரும்புகிறவர் பணியாளராகட்டும் என்று சொல்லித் தருகிறார்.

அந்த யாக்கோபுவுக்குப் பிறகு என்ன கிடைத்தது? திருத்தூதர் பணிகள் நூலின் 12-ஆம் பிரிவு ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. ஏரோது அரசன் அவரை வாளால் கொன்றான். பன்னிருவரில் முதலில் இரத்தம் சிந்தியவர் அவர்தான். முதலிடம் கேட்டவருக்கு முதலிடம் கிடைத்தது, அரியணையில் அல்ல, சிலுவைப் பாதையில்.

அன்பானவர்களே, இதை மனதில் வைத்துக்கொண்டு ஸ்பெயினுக்குப் போவோம். அந்நாட்டின் வடமேற்கு மூலையில், கலீசியா பகுதியில் இருக்கிறது சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா நகரம். திருத்தூதரின் உடலைச் சீடர்கள் படகில் கொண்டுவந்து அங்கே அடக்கம் செய்தார்கள் என்பது அம்மக்களின் மரபு. 9-ஆம் நூற்றாண்டில் அந்தக் கல்லறை கண்டறியப்பட்டது என்று சொல்லப்பட்ட நாள் முதல் மக்கள் அங்கே நடக்கத் தொடங்கினார்கள். இன்றும் நடக்கிறார்கள். பிரான்சு எல்லை மலைகளைத் தாண்டி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடப்பவர்களும் உண்டு. கால்நடையாக வருகிறவர்கள் குறைந்தது 100 கிலோமீட்டராவது நடந்திருந்தால்தான் திருப்பயணச் சான்றிதழ் கிடைக்கும். 2024-இல் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பேர் அதைப் பெற்றார்கள். நமது புனித சவேரியார் பிறந்த நவார் நாட்டின் வழியாகவும் அந்தப் பாதை செல்கிறது.

அந்நகரத்தில் பார்க்க வேண்டியவை எவை என்று கேட்டால் நான்கைச் சொல்லலாம்.

முதலாவது, பேராலயத்தின் 'மாட்சியின் வாயில்'. மத்தேயோ என்ற சிற்பி அமைத்தது. அதன் மேற்கல்லில் 1188 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. நடுத்தூணில் சந்தியாகப்பர் கையில் ஊன்றுகோலோடு அமர்ந்திருக்கிறார். நடந்து வந்த மக்கள் நூற்றாண்டு நூற்றாண்டாக அந்தத் தூணில் கைவைத்துச் செபித்ததில், பளிங்குக் கல்லில் ஐந்து விரல்களும் பதியும் அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. மேலே இருக்கும் சிற்பங்களை ஒரு பெரிய கலைஞன் செதுக்கினான். கீழே இருக்கும் அந்தக் குழியைப் பெயர் தெரியாத ஏழைகளின் கைகள் செதுக்கின. அந்த வாயிலில் இரண்டுமே திருப்பயணத்தின் அடையாளங்கள்.

இரண்டாவது, பீடத்துக்கு மேலே அமர்ந்திருக்கும் திருத்தூதரின் உருவம். பீடத்தின் பின்னால் ஒரு குறுகிய படிக்கட்டு. ஒவ்வொருவராக ஏறிப்போய், உருவத்தின் தோள்களைப் பின்னாலிருந்து கட்டிக்கொள்கிறார்கள். பிறகு கீழே இறங்கி, வெள்ளிப் பேழைக்கு முன் முழந்தாளிடுகிறார்கள். செல்வருக்குத் தனிப் படி, ஏழைக்குத் தனிப் படி என்று அங்கே இல்லை. எல்லாருக்கும் அதே படிதான்.

மூன்றாவது, கயிற்றில் தொங்கும் பெரிய தூபக்கலசம். 50 கிலோவுக்கும் மேல் எடை. எட்டுப் பேர் சேர்ந்து வடத்தை இழுத்தால்தான் அது ஆலயத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை பறக்கும். ஒருவர் இழுத்தால் அசையாது. ஒருவர் பிந்தினால் ஆட்டம் குலைந்துவிடும்.

நான்காவது, பேராலயச் சதுக்கத்தில் நிற்கும் பழைய மருத்துவமனை. திருப்பயணிகள் புண்பட்ட காலோடும் காய்ச்சலோடும் தெருவில் கிடப்பதைக் கண்டு, ஸ்பெயின் அரசர் பெர்தினாந்தும் அரசி இசபெல்லாவும் 1499-இல் அதைக் கட்ட ஆணையிட்டார்கள். இன்று அது விலையுயர்ந்த ஓட்டல். கட்டடம் அழகாகவே இருக்கிறது. ஆனால் அதைக் கட்டச் செய்த நோக்கம் அங்கிருந்து எப்போதோ இறங்கிப் போய்விட்டது. கட்டடத்தைக் காப்பாற்றுவது எளிது, நோக்கத்தைக் காப்பாற்றுவதுதான் கடினம்.

அந்நகரில் சந்தியாகப்பரின் உருவம் இரண்டு விதமாகக் காணப்படுகிறது. ஒன்றில் குதிரைமேல் வாளோடு வருகிறார். நமது பகுதியிலும் சில ஆலயங்களில் இந்த உருவம் உண்டு. மற்றொன்றில் தொப்பியும், ஊன்றுகோலும், தண்ணீர்க் குடுவையும், கடற்சிப்பியும் தாங்கிய நடைப்பயணியாக வருகிறார். குதிரையை அவருக்குக் கொடுத்தது பிற்காலப் போர்களின் கதை. நற்செய்தியில் அவருக்குக் குதிரை இல்லை. வாள் அவர் கையில் இருக்கவில்லை, அவர் கழுத்தின்மேல்தான் இறங்கியது. மக்களின் மனம் பெரும்பாலும் நடைப்பயணியையே பிடித்துக்கொண்டது. உலகம் முழுவதும் இன்று அந்தப் பாதையின் அடையாளம் வாள் அல்ல, சிப்பி.

2013-ஆம் ஆண்டு ஜூலை 24 மாலை. மறுநாள் திருநாள். நகரம் விழாக்கோலம் பூண்டிருந்தது. அந்த நேரத்தில் நகருக்கு அருகே, அங்கிரோயிஸ் என்ற சிற்றூர்ப் பக்கம் அதிவேக ரயில் ஒன்று வளைவில் தடம்புரண்டது. ஏறத்தாழ 80 பேர் உயிரிழந்தார்கள். திருநாள் கொண்டாட்டங்களை நகரம் நிறுத்திக்கொண்டது. ஆனால் அந்தச் சிற்றூர் மக்கள் நிற்கவில்லை. சத்தம் கேட்டதும் ஓடி வந்து தண்டவாளத்தில் இறங்கினார்கள். பெட்டிகளின் சன்னல்களை உடைத்து உள்ளிருந்தவர்களை வெளியே எடுத்தார்கள். வீட்டுப் போர்வைகளைக் கொண்டுவந்து காயம்பட்டவர்களைப் போர்த்தினார்கள். அந்த ஆண்டு சந்தியாகப்பர் திருநாள் பேராலயத்தில் அல்ல, அந்தத் தண்டவாளத்தில்தான் கொண்டாடப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

அன்பு நேயர்களே, இனி நமது மண்ணுக்கு வருவோம். நமது பயணம் ஏரலுக்குப் பக்கத்தில் இருக்கும் கொற்கையிலிருந்து தொடங்குகிறது.

இன்று கொற்கைக்குப் போனால் என்ன தெரிகிறது? வயல், வாழை, குளம், மிகப் பழையது என்று ஊரார் போற்றும் ஒரு வன்னிமரம். கடல் எங்கே? கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தள்ளி. ஆனால் ஒரு காலத்தில் பாண்டியரின் பெருந்துறைமுகம் இதுதான். கிரேக்க மாலுமிகள் இந்த ஊரின் முத்தைத் தங்கள் நூல்களில் எழுதிவைத்தார்கள். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1968-69-இல் இங்கே அகழாய்வு நடத்தியது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. கடல் ஒதுங்கியது. துறைமுகம் பழையகாயலுக்குப் போனது. பிறகு புன்னைக்காயல் எழுந்தது, அதன்பின் தூத்துக்குடி.

கொற்கையை அழித்தது புயலோ படையெடுப்போ அல்ல. வண்டல். ஒரு நாள் படிந்த வண்டலை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நமது குடும்பங்களில் நடப்பதும் இதுதான். யாரும் ஒரே நாளில் விசுவாசத்தை விட்டுவிடுவதில்லை. மாலைச் செபம் ஒரு நாள் நிற்கும், பிறகு ஒரு வாரம். பிள்ளையின் மறைக்கல்வியை டியூஷன் தள்ளிவைக்கும். அண்ணன் தம்பி பேச்சு ஓர் எல்லைத் தகராறில் நிற்கும், பிறகு அப்படியே இருந்துவிடும். திரும்பிப் பார்த்தால் கடல் ஆறு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

கொற்கை இன்னொன்றும் சொல்கிறது. எந்த இருக்கையும் நிலையானது அல்ல. இளவரசர்கள் இருந்த ஊர் இது. அந்த அரியணைகள் எங்கே? மண்ணைத் தோண்டினால் பானை ஓடுகள்தான் கிடைக்கின்றன. இன்றைய முதல் வாசகத்தில், கொரிந்து நகரத்தாருக்கு எழுதும் திருத்தூதர் பவுல், நமக்குக் கிடைத்த செல்வத்தை மண்பாண்டத்தில் வைத்திருப்பதாகச் சொல்கிறார். ஆற்றின் மேல்பக்கம் ஆதிச்சநல்லூர் தாழிகளையும் இங்கே கொற்கை ஓடுகளையும் பார்த்த நமக்கு அதன் பொருள் நன்றாக விளங்கும். பாண்டம் உடையும். உள்ளே இருப்பதை உடைவதற்கு முன் அடுத்தவர் கையில் கொடுத்தாக வேண்டும்.

கொடுத்தவர்களைப் பார்க்க, ஆற்றோடு இறங்கிப் புன்னைக்காயலுக்குப் போவோம். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடம். 1530-களில் நமது கடற்கரை மக்கள் திருமுழுக்குப் பெற்றபோது, அவர்களுக்குச் செபம் சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. 1542-இல் புனித சவேரியார் வந்தார். உயர்குடியில் பிறந்தவர், பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்துப் பாடம் நடத்தியவர். ஆனால் இங்கே வந்து அவர் முதலில் செய்தது என்ன? இரண்டு மொழியும் தெரிந்த உள்ளூர் ஆட்களை உட்கார வைத்து, விசுவாச அறிக்கையையும் கட்டளைகளையும் தமிழாக்கச் சொல்லி, அவற்றை மாணவனைப்போல மனப்பாடம் செய்தார். பிறகு மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டில் போய்ப் பெரியவர்களுக்குச் சொன்னார்கள். பேராசிரியர் இருக்கையில் இருந்தவர் மணல் தெருவில் மணியடிக்கிறவரானார்.

அவருக்குப் பின் வந்தவர் அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் போர்த்துக்கல் நாட்டு இயேசு சபைக் குரு என்றிக்கே என்றிக்கஸ். ஏறத்தாழ 50 ஆண்டுகள் இந்தக் கடற்கரையிலேயே உழைத்து, 1600-இல் இங்கேயே உயிர்விட்டார். தமிழைக் கற்றதோடு நில்லாமல், தம்மைப்போல் வருகிறவர்களுக்காகத் தமிழ் இலக்கணமும் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது. 16 பக்கச் சிறு நூல்தான். ஆனால் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் அது. 'அடியார் வரலாறு' 1586-இல் புன்னைக்காயலில் அச்சேறியது என்று அறியப்படுகிறது. இன்று அங்கே அந்த அச்சுக்கூடம் இல்லை. ஆனால் நமது வீட்டுப் பிள்ளை தமிழில் சிலுவை அடையாளம் வரையும்போது, அவர் கைமாற்றிக் கொடுத்த செல்வம் இன்னும் செலவாகாமல் இருக்கிறது.

அங்கிருந்து தெற்கே மணப்பாடு. மணல்குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம். உடைந்த பாய்மரத்தில் செய்த சிலுவையை ஒரு கப்பல் தலைவர் 1540-இல் நட்டார் என்பது ஊர் மரபு. செப்டம்பர் 14 திருநாளுக்கு நாம் எல்லாரும் வண்டி பிடித்துப் போகிறோம். குன்றின் கடலோரச் சரிவில் சவேரியார் தங்கிச் செபித்த குகை இருக்கிறது. உள்ளே போகக் குனிய வேண்டும். ஐந்தே நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை போகும்போது, அலைபேசியைப் பையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்போம். பகல் முழுவதும் ஊர் ஊராக நடந்த ஒரு மனிதர் இரவில் இங்கே கடவுளோடு தனியாக இருந்தார் என்பதை அந்தக் கல் நமக்குச் சொல்லும். உட்காருவதற்கு அவருக்குக் கிடைத்த இருக்கை அந்தப் பாறைதான்.

இப்போது கடலை விட்டு மேற்கே வடக்கன்குளம் போவோம். கேட்கக் கொஞ்சம் வலிக்கும் இடம் இது. ஆனாலும் திருப்பயணத்தில் வலிக்கும் இடத்தைத் தாண்டி ஓடக்கூடாது. புனித தேவசகாயம் 1745-ஆம் ஆண்டு மே 14 அன்று திருமுழுக்குப் பெற்ற ஊர் இது. அரண்மனை அலுவலராக இருந்தவர், எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார், உண்டார். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார்.

அதே ஊரில் 1872-இல் எழுந்த ஆலயம் இரண்டு கிளைகளாகக் கட்டப்பட்டது. ஒரே பீடம், ஆனால் ஒரு பக்கத்தில் ஒரு சாதியார், மறுபக்கத்தில் மற்றவர். நடுவே தடுப்பு. அன்பானவர்களே, செபதேயுவின் மனைவி கேட்ட வலப்பக்கமும் இடப்பக்கமும் இதுதானே! ஆண்டவர் தர மறுத்ததை நாம் சுவர் எழுப்பி எடுத்துக்கொண்டோம். 1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. கலகம் எழுந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. சாதிப்படி ஆலயத்தில் தனி இடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

சுண்ணாம்புச் சுவர் விழுந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நமக்குள்ளே இருக்கும் சுவர்? நமது கல்லறைத் தோட்டத்தில், திருமணப் பேச்சில், பங்குப்பேரவைத் தேர்தலில், திருவிழாவின் முதல் மரியாதையில் அது எத்தனை உயரம் நிற்கிறது? சப்பரம் எந்தத் தெருவுக்குள் போகும், எந்தத் தெருவுக்குள் போகாது என்று முடிவு செய்கிற நாம், எல்லாரையும் அருகில் கூப்பிட்ட ஆண்டவரின் முகத்தை எப்படிப் பார்ப்போம்? இந்தக் கேள்விக்கு ஆலயத்தில் அல்ல, நமது தெருவில்தான் பதில் சொல்ல வேண்டும்.

இனி வடக்கே தூத்துக்குடி. நாளை, 26-ஆம் தேதி, பனிமய மாதா பேராலயத்தில் கொடியேறுகிறது. ஆகஸ்ட் 5 வரை நவநாள், திருநாள். 1806-இல் முதலில் ஓடிய தங்கத்தேர் சிறப்பு ஆண்டுகளில் மட்டும் வீதிக்கு வரும். 2023-இல் வந்ததை நம்மில் பலர் பார்த்தோம். தேர் பார்க்கப் போகிறவர்கள் தங்கத்தைப் பார்ப்பார்கள். நாம் வடத்தைப் பார்ப்போம். சந்தியாகோ நகரத் தூபக்கலசம்போல, தேரும் ஒருவர் இழுத்து நகராது. வடத்தைப் பிடித்த கைகளில் எது எந்தத் தெருக் கை, எது மீன் வாசம் அடிக்கும் கை, எது உப்பளத்தில் வெடித்த கை என்று கயிறு கேட்பதில்லை.

தூத்துக்குடிக்கு நடந்து வரும் மக்கள் நமது ஊர்ச் சாலைகளைத்தான் தாண்டிப் போகிறார்கள். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும் முருக பக்தர்களும் இதே கடற்கரைச் சாலையில்தான் நடக்கிறார்கள். வெறுங்கால், தோளில் பை, வெயில். இவர்கள் நம்மவர், அவர்கள் வேறு என்று தாகம் பிரித்துப் பார்ப்பதில்லை.

கடைசியாக ஓர் இடம். தூத்துக்குடியிலிருந்து திரும்பித் தாமிரபரணிக் கரையோடு மேற்கே வந்தால், திருவைகுண்டம் ரயில் நிலையம். எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இது இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. ஏரல் கடைத்தெரு மூழ்கியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், தண்டவாளத்தின் கீழே மண் அரித்துப்போனதால் திருவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணிகள். முருகனைத் தரிசித்துவிட்டு வீடு திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். சுற்றிலும் வெள்ளம், மின்சாரம் இல்லை, அலைபேசி வேலை செய்யவில்லை.

பக்கத்தில் புதுக்குடி மக்கள். அவர்கள் வீடுகளும் வெள்ளத்தில்தான் இருந்தன. ஆனாலும் கையிலிருந்த அரிசியையும் பருப்பையும் சேர்த்துச் சமைத்து, முன்பின் தெரியாத அந்தப் பயணிகளுக்குச் சோறு போட்டார்கள். பாலும் தண்ணீரும் கொடுத்தார்கள். யார் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சாமி என்று கேட்டுக்கொண்டு யாரும் இலை போடவில்லை.

அங்கிரோயிஸ் ஊரின் ரயிலையும் திருவைகுண்டத்தின் ரயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் திருப்பயணத் தலங்களை ஒட்டி ஓடிய ரயில்கள். இரண்டிலும் உதவிக்கு முதலில் வந்தவர்கள் பதவியில் இருந்தவர்கள் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கள். முதல்வராக விரும்புகிறவர் பணியாளராகட்டும் என்று ஆண்டவர் சொன்னதன் பொருளை, அந்த நற்செய்தியை வாசித்திராதவர்கள்கூட அன்று வாழ்ந்து காட்டினார்கள். அதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது பெருமையாகவும் இருக்கவேண்டும், கொஞ்சம் உறுத்தவும் வேண்டும்.

அன்பு சகோதர சகோதரிகளே, ஸ்பெயினுக்குப் போகும் வசதி நம்மில் மிகச் சிலருக்கே உண்டு. போக முடிந்தவர்கள் போய்வாருங்கள், அந்தத் தூணில் பதிந்த விரல்களைக் கண்ணால் பார்த்து வாருங்கள். போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். சந்தியாகப்பரின் பாதை நமது வாசலிலிருந்தே தொடங்குகிறது. இந்தப் பத்து நாளில் நாம் செய்யக்கூடியவை சிலவற்றை நினைவுபடுத்துகிறோம்.

நமது ஊரைத் தாண்டி நடக்கிறவர்களுக்காக, எந்தத் தலத்துக்குப் போகிறவராய் இருந்தாலும், வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வைப்போம். ஆலயத்தில் முதல் வரிசை நாற்காலியைப் பிந்தி வரும் முதியவருக்கு விட்டுக்கொடுப்போம். திருவிழா நோட்டீசில் நமது பெயர் விடுபட்டால், அந்த ஓர் ஆண்டு அதை ஆண்டவருக்குக் காணிக்கையாக்குவோம். அசனத்தில் உட்காருவதற்கு முன் ஒரு பந்திக்காவது பரிமாறுவோம். பேசாமல் இருக்கும் அண்ணன் வீட்டுக்கோ தம்பி வீட்டுக்கோ கொடியேற்றத்துக்கு முன் ஒருமுறை நடந்து போவோம். நூறு கிலோமீட்டர் வேண்டாம், அந்த நூறு அடிதான் பலருக்கு மிக நீண்ட திருப்பயணம்.

பிள்ளைகளை மணப்பாட்டுக்கும் புன்னைக்காயலுக்கும் கூட்டிப்போகும் பெற்றோரே, கட்டடத்தைக் காட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். இதை யார் நம் கையில் கொடுத்தார்கள், எந்தக் கால்களோடு நடந்து கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள். பாண்டம் உடையுமுன் செல்வம் கைமாறட்டும்.

செபிப்போம். அன்புத் தந்தையே, உம் வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் கேட்டு நிற்கும் எங்களுக்கு, உம் மகன் நடந்த பாதையைத் தாரும். சந்தியாகப்பரைப்போல அவருடைய கிண்ணத்தில் பங்குபெறத் துணிவு தாரும். எங்களுக்குள் நிற்கும் சுவர்களை உம் கையால் இடித்தருளும். எங்கள் வீடுகளில் படியும் வண்டலை நீக்கி, உம் அருளின் கடல் எங்கள் வாசல்வரை வரச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக. ஆமென்.